குதிகால் வலியும் இராக்காலக் காலுறையும்

உழைத்துக் களைத்த சரீரத்துக்கு நித்திரையைக் காட்டிலும் சிறந்த ஔஷதம் இல்லை என்பது எல்லோரும் அனுபவத்தில் கண்ட உண்மை. முதுகு வலித்தாலும், தோள் வலித்தாலும், நெடுந்தூரம் நடந்து முழங்கால் நொந்தாலும், ஓரிரவு அயர்ந்து உறங்கி எழுந்தால் நோவு ஓரளவேனும் தணிந்திருக்கக் காண்கிறோம். குதிகாலில் தோன்றும் ஒருவகை வலி மட்டும் இந்தப் பொதுவிதிக்கு முற்றிலும் விரோதமாக நடந்துகொள்கிறது. முதல் நாள் மாலை வரையில் எப்படியோ பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்த அந்த வலி, ஆறேழு மணி நேரம் அசையாமல் படுத்து உறங்கிவிட்டு, விடியற்காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடியைத் தரையில் ஊன்றும் கணத்தில், குதிகாலின் அடியில் சற்று உட்புறமாக, உயிரே போவதுபோல் சுரீரென்று பாய்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்திருபது அடி நொண்டி நடந்தபின் மெல்ல மெல்லத் தணிகிறது. காப்பி அருந்திப் பத்திரிகை பார்க்கக் கொஞ்சநேரம் உட்கார்ந்து எழுந்தாலோ, போன வலி திரும்பவும் வந்து நிற்கிறது.

குதிவாதம் என்று நம் ஊர்களில் வழங்கும் இந்த நோயை மேனாட்டு வைத்திய சாஸ்திரம் ‘பிளான்டர் ஃபேஷியைட்டிஸ்’ என்று அழைக்கிறது. பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது வந்துபோகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்டவர்களையே இது பெரும்பாலும் நாடுகிறது. அவர்களுள்ளும் உடல் பருத்தவர்களையும், நாள் முழுவதும் நின்றே வேலை செய்பவர்களையும், கணுக்கால் போதிய அளவு மேல்நோக்கி மடங்காதவர்களையும் விசேஷமாகப் பற்றுகிறது. உயிருக்கு அபாயம் விளைவிக்கும் நோய் அன்று என்பதனாலேயே வீட்டார் இதைப் பொருட்படுத்துவதில்லை. பெண்களாயின் வெளியில் சொல்லாமலே அடுப்படியில் ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக்கொண்டு மாதக்கணக்கில் நாளைக் கடத்துகிறார்கள். அப்படிக் கடத்த வேண்டிய அவசியம் இல்லை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஓய்வுக்குப் பின்னர் வலி ஏன் மிகுகிறது என்ற ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், உறங்கும்போது காலில் அணிந்துகொள்ளும் ஓர் எளிய காலுறை இந்த நோய் தீர எவ்வாறு துணைபுரிகிறது என்பது தானே விளங்கிவிடும்.

நம் பாதத்தின் அடிப்புறத்தில், தோலுக்கும் கொழுப்புக்கும் உள்ளே, குதிகால் எலும்பின் உட்பக்க முனையில் வேர்கொண்டு, உள்ளங்கால் நெடுகப் பரவி, ஐந்து கிளைகளாகப் பிரிந்து ஐந்து விரல்களின் அடியிலும் போய் முடிகின்ற தடித்த சவ்வு ஒன்று இருக்கிறது. நாம் எழுந்து நிற்கும்போது சரீரத்தின் பாரம் முழுவதும் பாதத்தின் வளைவை அழுத்தித் தட்டையாக்க முயல்கிறது. அவ்வாறு தட்டையாகிவிடாதபடி அந்த வளைவின் முன்முனையையும் பின்முனையையும் சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது இந்தச் சவ்வுதான். எளிதில் நீண்டு கொடுக்கும் சுபாவம் இதற்கு இல்லை. ஆரோக்கியமான காலில் இதன் கனம் நான்கு மில்லிமீட்டருக்கு உட்பட்டே இருக்கும். நோயுற்ற காலை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், குதிகாலில் பற்றியிருக்கும் இடத்தில் அந்த அளவைத் தாண்டித் தடித்திருப்பதைக் காணலாம்.

இந்தச் சவ்வுக்கும் கால்விரல்களுக்கும் உள்ள சம்பந்தத்தை 1954-ஆம் ஆண்டில் ஹிக்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் தெளிவாக எடுத்துக் காட்டினார். நடக்கும்போது குதிகால் மேலெழுந்து விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றனவே, அப்போது சவ்வின் முன்நுனி விரல்களின் அடிமூட்டைச் சுற்றிக்கொண்டு இழுபடுகிறது. கப்பலில் நங்கூரக் கயிற்றை உருளையில் சுற்றி இழுப்பதற்கு ஒப்பான இந்த இழுப்பினால் குதிகாலும் முன்பாதமும் ஒன்றையொன்று நெருங்க, நடுவிலுள்ள வளைவு உயர்ந்து, பாதம் உறுதியான நெம்புகோலாக மாறி உடலை முன்னே உந்தித் தள்ளுகிறது. இதைப் பரீட்சித்துப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. நேராக நின்றுகொண்டு, அருகிலிருப்பவர் ஒருவரை உங்கள் கால் பெருவிரலை மட்டும் பிடித்து மேலே தூக்கச் சொன்னால், உள்ளங்காலின் வளைவு கூடவே எழும்புவதைக் கண்ணாரக் காணலாம். விரலை இழுத்தால் சவ்வு இழுபடும் என்னும் இந்த ஒரு செய்தியை மட்டும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் காலுறையைப் பற்றிச் சொல்லப்போவதெல்லாம் இதன் மேல் எழுந்ததே.

நடைக்கு நடை, நாளுக்கு நாள், ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு இழுபட்டுத் தளரும் சவ்வு, தன் சக்திக்கு மீறிய உழைப்பு நேரும்போது குதிகாலில் பற்றியிருக்கும் இடத்தில் நுண்ணிய கிழிசல்களை அடைகிறது. இதை அழற்சி என்றே நெடுங்காலம் வைத்தியர்கள் எண்ணியிருந்தார்கள். நோயின் பெயரும் அந்த எண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் 2003-ஆம் ஆண்டில் லெமான்ட் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாக்களும், அறுவைச் சிகிச்சையின்போது எடுக்கப்பட்ட 50 நோயாளிகளின் சவ்வுத் துணுக்குகளை நுண்நோக்கியில் ஆராய்ந்தபோது, அழற்சிக்குரிய அடையாளங்களை அங்கே காணவில்லை. நார்கள் நைந்து, ஒழுங்கு குலைந்து, சீரழிந்திருந்ததையே கண்டார்கள். ஆகவே நாட்பட்ட குதிகால் வலியைத் தீர்ப்பது என்பது எரிகிற நெருப்பை அணைக்கும் காரியம் அன்று. நைந்துபோன நார் மறுபடியும் சரியான நீளத்தில், சரியான ஒழுங்கில் வளர்வதற்கு வழிசெய்யும் காரியம். அந்தக் காரியத்துக்கு வெறும் வலிநிவாரண மாத்திரை போதாது என்பது இதனாலேயே.

இனி இரவின் சமாசாரத்துக்கு வருவோம். உறங்கும்போது தம் பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. மல்லாந்து படுத்தாலும் சரி, குப்புறப் படுத்தாலும் சரி, தசைகள் தளர்ந்தவுடன் பாதம் தானாகவே முன்னோக்கிச் சாய்ந்து, விரல் நுனிகள் கால்மாட்டை நோக்கி நீண்டுவிடுகின்றன. மேலே போர்வையின் பாரமும் சேர்ந்தால் இன்னும் சாய்கின்றன. இந்த நிலையில் கெண்டைக்கால் சதை குறுகுகிறது. உள்ளங்கால் சவ்வும் தளர்ந்து குறுகுகிறது. பகலெல்லாம் அடைந்த காயத்தை உடம்பு ஆற்றத் தொடங்குவதும் இந்த நேரத்தில்தான். ஆறேழு மணி நேரம், குறுகிய நிலையிலேயே, கிழிந்த நார்கள் ஒட்டிக்கொள்ள முயல்கின்றன. விடிந்ததும் நாம் எழுந்து ஒரே அடியில் உடலின் முழுப் பாரத்தையும் அதன்மேல் இறக்குகிறோம். குறுகிக் கிடந்த சவ்வு திடீரென்று முழு நீளத்துக்கும் இழுக்கப்பட, இரவெல்லாம் ஒட்டியது ஒரு கணத்தில் மீண்டும் பிய்கிறது. காலையின் முதல் அடி ஏன் அவ்வளவு கொடியதாக இருக்கிறது என்பதற்கு வைத்தியர்கள் கூறும் விளக்கம் இது. ஓய்வு குணப்படுத்தவில்லை என்பதன்று. ஓய்வு தப்பான நீளத்தில் குணப்படுத்துகிறது என்பதே சங்கடம்.

இதை உணர்ந்த வைத்தியர்கள், அப்படியானால் இரவு முழுவதும் பாதத்தைச் சாயவிடாமல் காலுக்குச் செங்குத்தாகவே நிறுத்திவைத்தால் என்ன என்று யோசித்தார்கள். 1991-ஆம் ஆண்டில் வாப்னர், ஷார்க்கி என்னும் வைத்தியர்கள் இருவர், ஓராண்டுக்கு மேலாக எந்தச் சிகிச்சைக்கும் மசியாமல் குதிகால் வலியால் வாடிய 14 பேருக்கு, பாதத்தைச் செங்கோணத்துக்கும் ஐந்து பாகை மேலே நிமிர்த்திவைக்கும் அச்சுக்கூடு ஒன்றை இரவில் அணிவித்தார்கள். அவர்களில் 11 பேருக்கு நான்கு மாதத்துக்குள் வலி நீங்கியது. 1998-இல் பவல் என்பவரும் அவர் குழுவினரும் நாட்பட்ட நோயாளிகள் 37 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முதல் மாதத்திலும் மற்றப் பிரிவினருக்கு இரண்டாம் மாதத்திலுமாக இத்தகைய கூட்டை அணிவித்துப் பார்த்தபோது, சோதனையை முடித்தவர்களில் 88 சதவிகிதத்தினர் முன்னேற்றம் கண்டார்கள். ஆனால் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அடுத்த ஆண்டிலேயே புரோப் என்பவரின் குழுவினர் 116 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியில், மாத்திரையும் கெண்டைக்கால் பயிற்சியும் தக்க பாதரட்சையும் எல்லோருக்கும் கொடுத்துப் பாதிப்பேருக்கு மட்டும் இரவுக் கூட்டையும் சேர்த்தளித்தபோது, கூடு அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க பேதம் தென்படவில்லை.

இந்த முரண்பாட்டைக் கண்டு இரவுச் சாதனத்தை அடியோடு தள்ளிவிடுவதும் பிழை; அதையே சர்வரோக நிவாரணியாகக் கொண்டாடுவதும் பிழை. அமெரிக்க இயன்முறை வைத்தியர் சங்கத்தார் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில், காலையின் முதல் அடியில் தவறாமல் வலிக்கிறவர்களுக்கு ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை இரவுச் சாதனத்தைப் பரிந்துரைக்கலாம் என்று கூறியிருப்பது எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது. வலி தொடங்கிச் சில வாரமே ஆனவர்கள் முதலில் பயிற்சியையும் பாதரட்சையையும் கவனிக்கட்டும். மாதக்கணக்கில் ஆகியும் விடியற்காலை வலி விடாதவர்கள் இரவுச் சாதனத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது என் அபிப்பிராயம்.

சாதனம் என்று பொதுவாகச் சொன்னேன். முதலில் வந்தவை பிளாஸ்டிக்காலான கனத்த கூடுகள். முழங்காலுக்குக் கீழிருந்து விரல்வரை காலைப் பின்புறத்திலிருந்து தாங்கிப் பட்டைகளால் இறுக்கிக் கட்டப்படுபவை. பாதத்தைச் சாயாமல் நிறுத்துவதில் அவற்றுக்கு நிகர் இல்லை என்றாலும், அவற்றை அணிந்து உறங்குவதுதான் கஷ்டம். புரண்டு படுக்க முடியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் உபத்திரவம். வெப்பநாட்டில் வியர்வை வேறு. நான் அறிந்த பள்ளி ஆசிரியை ஒருவர் நிறையப் பணம் கொடுத்து வாங்கிய கூட்டைச் சில இரவுகளுக்குமேல் தாங்கமாட்டாமல் அலமாரியில் வைத்துவிட்டார். அணியப்படாத சாதனத்தால் யாருக்குப் பிரயோஜனம்? இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக வந்ததே காலுறை.

அமெரிக்காவில் ‘ஸ்ட்ராஸ்பர்க் சாக்’ என்ற பெயரில் பிரசித்தமாகி, இப்போது பல பெயர்களில் நம் நாட்டிலும் மருத்துவ உபகரணக் கடைகளிலும் இணையவழி வியாபாரத்திலும் கிடைக்கும் இந்தச் சாதனத்தின் அமைப்பு மிக எளிது. முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை எட்டும் நீண்ட சாக்ஸ். விரல் நுனியில் உறுதியாகத் தைக்கப்பட்ட ஒரு நாடா. முழங்காலுக்குக் கீழே காலைச் சுற்றிக் கட்டும் ஒரு பட்டி. பட்டியின் முன்புறத்தில் ஒரு வளையம். நாடாவை வளையத்தில் கோத்து, மடித்துக் கீழ்நோக்கி இழுத்து, வெல்க்ரோவில் ஒட்டிவிட்டால், விரல்கள் முழங்காலை நோக்கி நிமிர்ந்து நிற்கின்றன. கூடு கணுக்காலை மட்டும் பிடித்து நிறுத்துகிறது. காலுறையோ விரல்களையே பற்றி இழுக்கிறது. விரல் இழுபட்டால் சவ்வு இழுபடும் என்று முன்பு கண்டோமே, அந்த உபாயம் இங்கே நேராகவே வேலை செய்கிறது. முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்குக் கெண்டைக்கால் சதை தளர்ந்துவிடுமாயினும், விரல்களின் இழுப்பு மட்டும் விடாமல் சவ்வைத் தொடர்ந்து நீட்டிக்கொண்டிருக்கும். குறையும் இல்லாமல் இல்லை. துணியாலான சாதனம் ஆகையால் நள்ளிரவில் நாடா நெகிழ்ந்துவிடலாம்; இழுப்பு முழுவதும் விரல் நுனியில் விழுவதால் விரல்கள் நோகலாம்.

அணியும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு விரைவில் குணமாகும் என்று எண்ணி, முதல் இரவிலேயே விரல்கள் பின்னோக்கி வளையும்படி நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப் போய், கழற்றி எறிந்துவிட்டு, இதனால் ஒன்றும் ஆகாது என்று கைவிடுகிறவர்கள் அநேகர். பாதம் காலுக்குச் செங்குத்தாக நின்று, விரல்கள் இலேசாக நிமிர்ந்திருந்தால் அதுவே போதும். கெண்டைக்காலிலும் உள்ளங்காலிலும் மெல்லிய இழுப்பு தெரியவேண்டுமேயன்றி வலி தெரியலாகாது. இரவு முழுவதும் நீடிக்கும் இழுப்பு ஆகையால், அது மென்மையாக இருப்பதே முறை. கணநேரம் பலமாக இழுப்பதைக் காட்டிலும் நெடுநேரம் மெல்ல இழுப்பதற்கே இத்தகைய நார்கள் இசைந்து கொடுக்கின்றன.

புதிதாக அணிகிறவர்கள் முதல் சில நாட்கள் படுக்கையில் அணியாமல், மாலையில் புத்தகம் வாசிக்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அரைமணி, ஒருமணி என்று பழகிக்கொள்வது நலம். பிறகு உறங்கும்போது அணிந்து, நள்ளிரவில் விழிப்பு வந்து அசௌகரியமாக இருந்தால் தயங்காமல் கழற்றிவிடலாம். பாதி இரவு அணிந்தாலும் பலன் உண்டு, மறுநாள் சற்றுக் கூடுதலாக நீடித்துக்கொள்ளலாம். விரல் மரத்துப்போவது, குறுகுறுப்பது, நிறம் வெளிறுவது அல்லது நீலம் பாய்வது ஆகியவை இறுக்கம் மிகுதி என்பதற்கு அடையாளங்கள். உடனே தளர்த்திவிட வேண்டும். முழங்காலுக்குக் கீழே கட்டும் பட்டியும் இரத்த ஓட்டத்தை நெரிக்கும்படி இருக்கலாகாது. ஒரு விரல் உள்ளே நுழையும் அளவுக்கு இடம் விடவேண்டும். நம் தேசத்து வெப்பத்தில் வியர்வை தங்கிச் சேற்றுப்புண் வராமலிருக்க, காலை நன்றாகக் கழுவித் துடைத்து ஈரம் உலர்ந்தபின் அணிவதும், காலுறையை அடிக்கடி துவைத்து உலர்த்துவதும் அவசியம். விரல் பகுதி திறந்திருக்கும் மாதிரிகள் சில உண்டு. அவை காற்றோட்டத்துக்கு ஏற்றவை.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை இது. காலுறையை அணிந்தபடி ஓர் அடிகூட நடக்கலாகாது. இரவில் சிறுநீர் கழிக்க எழுகிற முதியவர்கள், தூக்கக் கலக்கத்தில் அதை அணிந்திருப்பதையே மறந்து வழவழப்பான தரையில் இறங்கினால், குதிகால் வலிக்குப் பரிகாரம் தேடி இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் அபாயம் நேரும். படுக்கையருகே விளக்கு விசை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கட்டிலில் உட்கார்ந்து, கழற்றி வைத்த பின்னரே எழுந்திருக்கட்டும். இரவில் பலமுறை எழவேண்டிய நிலையில் உள்ளவர்கள் இதை நாடாமல், பகலில் காலை நீட்டி உட்காரும் வேளைகளில் மட்டும் பயன்படுத்துவதே உத்தமம்.

சர்க்கரை வியாதியால் பாத உணர்ச்சி குன்றியவர்களும், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும், ஆறாத புண் உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் இந்தக் காலுறையை அணியவே கூடாது. இறுக்கம் மிகுந்தால் வலியால் உணர்த்தவேண்டிய கால் அவர்களுக்கு உணர்த்தாது. இதே காரணத்துக்காக, நம் வீடுகளில் தொன்றுதொட்டு வழங்கிவரும் வைத்தியம் ஒன்றைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, குதிகாலை வைத்து எடுக்கும் ஒத்தடத்தை அறியாத கிராமம் இல்லை. இதமான சூடு வலியைச் சிறிதுநேரம் மறக்கச் செய்யும் என்பதில் ஐயமில்லை. உணர்ச்சி சரியாக உள்ளவர்கள் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்து இதமாகச் செய்துகொள்வதை நான் தடுக்கவும் மாட்டேன். ஆனால் சர்க்கரை நோயாளி ஒருவர் மரத்துப்போன குதிகாலைக் கொதிக்கும் கல்லில் வைத்தால், தோல் பொசுங்கி, புண்ணாகி, பாதத்தையே இழக்க நேரும் விபரீதம் உண்டு. அவர்கள் வீட்டில் இந்த ஒத்தடம் வேண்டவே வேண்டாம்.

குதிகால் வலியெல்லாம் சவ்வினால் வருவதும் அன்று. இரு குதிகால்களும் ஒருங்கே வலித்து, கூடவே இடுப்பும் முதுகும் காலையில் விறைத்துப்போனால் அது மூட்டுவாத வகைகளில் ஒன்றாக இருக்கலாம். படுத்திருக்கும்போதும் ஓயாமல் வலித்தால், குதிகாலை இருபக்கமும் பிடித்து அமுக்கும்போது தாங்கமுடியாமல் வலித்தால், எரிச்சலும் மரத்துப்போதலும் இருந்தால், வீக்கமோ காய்ச்சலோ தோன்றினால், எலும்பில் நுண்முறிவோ நரம்பு நெருக்கமோ வேறு நோயோ இருக்கக்கூடும். இவற்றுக்கெல்லாம் காலுறை மருந்தாகாது. எலும்பு வைத்தியரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ளவேண்டும். எக்ஸ்ரே எடுத்ததும் ‘எலும்பு வளர்ந்திருக்கிறது’ என்று கேட்டு அஞ்சி நடுங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: குதிகாலில் முளைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த எலும்பு, ஒருநாளும் வலியே அறியாத பலருடைய காலிலும் இருக்கிறது, அதை வெட்டி எடுத்தால்தான் வலி தீரும் என்பதில்லை. ஸ்டீராய்டு ஊசியிலும் எச்சரிக்கை வேண்டும். சில வாரங்களுக்கு அற்புதமாக வலியை அடக்கும். ஆனால் அடிக்கடி போட்டுக்கொண்டால் சவ்வு அறுந்துபோகவும், குதிகாலைத் தாங்கும் கொழுப்பு மெத்தை தேயவும் இடமுண்டு.

காலுறை தனித்து நின்று வெற்றிகாண்பது அரிது. அதற்குத் துணையாக இரண்டு பயிற்சிகள் வேண்டும். முதலாவது, அமெரிக்காவில் டிஜியோவானி என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும் 2003-இல் 101 நோயாளிகளை வைத்துப் பரீட்சித்து, கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கும் குதிநாணை மட்டும் நீட்டும் பயிற்சியைவிட மேலானது என்று கண்டது. வலிக்கும் காலை மற்றக் காலின் முழங்கால்மேல் மடித்துவைத்து, கையால் விரல்களைப் பற்றி முன்காலை நோக்கி இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்து விடவேண்டும். இவ்வாறு ஒருவேளைக்குப் பத்துமுறை, நாளுக்கு மூன்று வேளை. மறுகையால் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தால் சவ்வு முறுக்கேறி நிற்பது தெரியும். இதில் சூட்சுமம் ஒன்று உண்டு: முதல் வேளையைக் காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன்னரே, படுக்கையில் உட்கார்ந்தபடியே செய்துவிட வேண்டும். காலுறையைக் கழற்றியதும் இதைச் செய்து, பின்னரே எழுந்தால், இரவு சம்பாதித்ததை முதல் அடியில் இழக்கமாட்டோம்.

மற்றது டென்மார்க்கில் ராத்லெஃப் என்பவரின் குழுவினர் 2015-இல் வெளியிட்டது. துண்டு ஒன்றைச் சுருட்டிக் கால்விரல்களுக்கு அடியில் வைத்து, படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை மூன்று எண்ணி உயர்த்தி, இரண்டு எண்ணி நிறுத்தி, மூன்று எண்ணி இறக்கும் பயிற்சி. ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று மாத முடிவில், இழுப்புப் பயிற்சி மட்டும் செய்தவர்களைக் காட்டிலும் இதைச் செய்தவர்கள் நலமாக இருந்தார்கள். ஓராண்டு முடிவில் இருசாராரும் ஏறக்குறைய ஒரே நிலையை அடைந்தார்கள். வயதானவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டே செய்யவேண்டும்.

பாதரட்சையைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. வீட்டுக்குள் செருப்பணிவது நம் மரபு அன்று; ஆனால் மண்தரையும் சாணம் மெழுகிய தரையும் போய், கிரானைட்டும் டைல்ஸும் வந்துவிட்ட வீடுகளில் வெறுங்காலோடு நாள் முழுவதும் நிற்பது நோயுற்ற குதிகாலுக்குப் பெருந்தண்டனை. வீட்டுக்கென்றே தனியாக ஒரு மெத்தென்ற செருப்பை வைத்துக்கொள்வதில் ஆசாரக் குறைவு ஒன்றும் இல்லை. எம்.சி.ஆர். செருப்பு என்று நம் கடைகளில் கேட்டால் உடனே எடுத்துத் தருகிறார்களே, அந்த நுண்துளை ரப்பர்ச் செருப்பு, தொழுநோயால் உணர்ச்சியிழந்த பாதங்களைப் புண்படாமல் காக்கும்பொருட்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டும் அவருடைய சகாக்களும் செய்த அரும்பணியின் பயனாகப் பரவியது. ஏழை நோயாளிகளுக்காகப் பிறந்த அந்தச் செருப்பு இன்று குதிகால் வலி உள்ள எல்லோருக்கும் உபகாரம் செய்துகொண்டிருக்கிறது. உடல் எடையைக் குறைப்பதும் உதவும். சொல்வது எளிது, செய்வது அருமை என்பதை அறிவேன், எனினும் குறைகின்ற ஒவ்வொரு கிலோவும் குதிகாலின் சுமையில் குறைகிறது.

இவ்வளவும் செய்தால் எத்தனை நாளில் குணமாகும் என்று கேட்பீர்கள். விடியற்காலை வலி சில வாரங்களில் மெல்லத் தணியத் தொடங்கும். முற்றும் நீங்கப் பல மாதங்கள் ஆகலாம். கத்தி எடுக்காத எளிய சிகிச்சைகளாலேயே பத்தில் எட்டுப்பேருக்குக் குறையாமல் ஓராண்டுக்குள் நலமடைகிறார்கள் என்பது வைத்திய உலகின் பொதுவான அனுபவம். நாரும் சவ்வும் சதையைப்போல் விரைந்து வளர்பவை அல்ல. ஒரு வாரம் அணிந்துவிட்டுப் பலனில்லை என்று காலுறையைத் தூக்கி எறிவதும், சற்றுத் தணிந்ததும் பயிற்சியை விட்டுவிடுவதும் வீண். வலி முற்றும் நின்றபின்னும் சில வாரங்கள் தொடர்வது, அது திரும்பி வராதிருக்கத் துணைசெய்யும்.

இரவில் ஆற்றியதைப் பகலில் மறுபடியும் கிழித்துக்கொள்ளும்படி வாழ்க்கை அமைந்துவிட்டவர்கள் நம்மிடையே உண்டு. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை திறந்தது முதல் இரவு அடைக்கும்வரை நின்றபடியே சேலையை விரித்துக் காட்டியும் மடித்து வைத்தும் வேலை செய்யும் பெண்களையும் பிள்ளைகளையும் எண்ணிப் பார்க்கிறேன். அவர்களுக்குக் காலுறையும் பயிற்சியும் சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் பத்து மணி நேரம் நிற்கவைத்தால் எந்தச் சிகிச்சைதான் பலிக்கும்? நாள் முழுவதும் நிற்பதன் தீங்கை உணர்ந்தே, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டு திருத்தம் கொண்டுவந்து, வேலையின் நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காருவதற்கு ஊழியர் அனைவருக்கும் தக்க இருக்கை தரவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். கடை முதலாளிகளை நான் வேண்டிக்கொள்வது, இருக்கையை வாங்கிப் போடுவதோடு நின்றுவிடாமல், வாடிக்கையாளர் இல்லாத வேளையில் அதில் உட்காருகிற பெண்ணைக் கண்டு முகம் சுளிக்காமலும் இருக்கவேண்டும் என்பதே. வாடிக்கையாளர்களாகிய நாமும், நாம் உள்ளே நுழையும்போது உட்கார்ந்திருக்கும் ஒருவரை மரியாதைக் குறைவாகக் கருதாமல், ‘உட்கார்ந்தபடியே எடுத்துக் காட்டுங்கள் அம்மா’ என்று சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.